ஐந்தாவது பெயர்

மெர்க்குரி தெருவில் என் பை கனக்கும் நாள் வியாழன்.
அன்று வெர்னா ஹகாலா கதவைத் திறந்தபடி நின்றாள்,
பனி உள்ளே போவதைக்கூடக் கவனிக்காமல்.

"துஷான், நீ தபால்காரன்.
உனக்குத் தெரிந்திருக்கும். இதெல்லாம் நிஜமா?"

கணினித் திரையில் வெள்ளையாக ஒரு மியூசிக் பிளேயர்,
சீட்டுக்கட்டு அளவு.
ஆயிரம் பாட்டு கொள்ளுமாம்.
இலவசம். முற்றிலும் இலவசம்.
கீழே, எறும்பு ஊர்ந்த தடம்போல, மற்ற சங்கதி:
நீ ஒரு சந்தாவில் சேர வேண்டும்.
உன் மூலம் ஐந்து பேர் சேர வேண்டும்.
ஐவரும் ஆளுக்கொரு சந்தாவில் விழ வேண்டும்.

பதினேழு வருஷமாக இந்த ஊரில் கடிதம் சுமக்கிறேன்.
பரிசு விழுந்ததாக வந்த உறையை
என் கண்ணெதிரே கிழித்தவர்களைத் தெரியும்.
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
குவார்ட்ஸ் தெருவில் ஒருத்திக்கு
மெய்யாகவே ஒரு டோஸ்டர் வந்ததும் தெரியும்.

"பெட்டி வந்தால் நிஜம்" என்றேன்.
கெட்டிக்காரப் பதில் என்று அன்று நினைப்பு.

முதல் பெயர் நாத்தனார் எல்மா.
இரண்டாவது, கீழ்வீட்டு ஓரின்; உடம்பு இளைக்கும் தேநீர் எடுத்துக்கொண்டான்.
மூன்றாவது நான்.
வைட்டமின் மாத்திரை, பதினான்கு நாள் சோதனைக்கு.
அதற்குள் ரத்து செய்துவிட்டால் காசில்லை.
எனக்குப் பதினைந்தாம் நாள் ஞாபகம் வந்தது.
நான்காவது முடிதிருத்தும் கோரா,
பாதித் தலையில் சாயத்தோடு மாட்டிக்கொண்ட வாடிக்கைக்காரிகளை
வெர்னாவுக்காகக் கேட்டும் பார்த்தாள். ஒருத்தியும் மசியவில்லை.

ஐந்து சின்ன எண் என்று நினைப்பவர்கள்
உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும்.
சிரிப்பவர்களை அடித்துவிட வேண்டும்.
கடன் அட்டை இல்லாதவர்களை.
பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களை.
ஏற்கெனவே ஒரு உதவி கேட்டுத் திருப்பித் தராதவர்களை.

மார்ச் மாதம் ஒரு உறை:
*அன்புள்ள ரெய்னோ, எங்கள் ஒயின் சங்கத்துக்கு நல்வரவு.*

ரெய்னோ ஹகாலா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.
ஆஸ்பத்திரி பில்கூட வந்து ஓய்ந்துவிட்டது.
அவன் கடன் அட்டைக்கு மட்டும்
யாரும் சாவு சொல்லவில்லை போல.

என் பையில் அதற்கொரு முத்திரை உண்டு:
பெறுநர் காலமானார், அனுப்பியவருக்கே திருப்புக.
மை ஈரமாகத்தான் இருந்தது.
குத்தவில்லை.

மே மாதம் பெட்டி வந்தது.
ஆமாம், வந்தது.
ஒரு ரொட்டி அளவு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.
பையன் யோயெல் மாடிப்படியில் உட்கார்ந்து
இரண்டு காதிலும் வெள்ளைக் கம்பியோடு தலையாட்டினான்.
"எப்படி இருக்கு?" என்றேன். காதில் விழவில்லை.

எனக்கு மாதம் முப்பத்தொன்பது டாலர், ஜூலை வரைக்கும்.
எல்மா இப்போது இந்தத் தெரு வழியாக வருவதில்லை.
ஓரினுக்குத் தேநீர் பிடித்துவிட்டது, அது வேறு கதை.

இலவசம் என்கிறார்கள்.
அந்தச் சொல்லின் வாலில் ஒரு வசம் இருக்கிறது.
யார் வசம் என்பதை மட்டும்
எறும்புத் தடத்திலும் எழுதுவதில்லை.

ரெய்னோவின் கடிதங்கள் குரல் மாறின.
*அன்புள்ள ரெய்னோ* போய் *திரு. ஹகாலா* ஆயிற்று.
பிறகு சிவப்பில், கடைசி எச்சரிக்கை.
அதற்குப் பிறகும் இரண்டு கடைசி எச்சரிக்கைகள்.
ஒவ்வொன்றையும் வெர்னா வாசலுக்கே வந்து வாங்கினாள்,
வீட்டு உடையில், குளிரில், கையை நீட்டி.
"யாரோ ஒருத்தராவது இன்னும் அவனைத் தேடுறாங்க" என்றாள்.
சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

செப்டம்பரில் மெல்லிய உறை ஒன்று:
கணக்கு மூடப்பட்டது.
அவள் பணம் கட்டினாளா, அவர்களே சலித்துவிட்டார்களா,
நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வியாழன்
மளிகைக் கடையின் தள்ளுபடித் தாளை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு
என் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"அவனுக்கு?"